வெள்ளையடிக்கப்பட்ட வெற்றி: தரியா தௌலத் சுவரோவியம் குறித்து

ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டைக்கு வெளியே, காவிரிக்கரையில், ஹிஜ்ரி 1198ஐ ஒட்டி (கி.பி. 1784) திப்பு சுல்தான் அமைத்த தோட்ட மாளிகை தரியா தௌலத் பாக். பெரும்பகுதி தேக்கு மரத்தாலான, இரண்டு தளங்கள் கொண்ட, கோடைக்கால வாசத்துக்கென எழுந்த கட்டடம் அது. உள்ளறைகளின் சுவர், தூண், விதானம் எங்கும் பூங்கொடி வேலைப்பாடு; விரலளவு இடமும் வெறுமையாக விடப்படவில்லை. வெளிப்புறச் சுவர்களில் மட்டும் மனிதர்கள். கிழக்குப் பக்கம் அரசர்களும் நவாபுகளும் சிறு சிறு கட்டங்களுக்குள் தத்தம் அவைகளில் வீற்றிருக்கின்றனர். மேற்குப் பக்கம் ஹைதர் அலீயும் திப்புவும் படையோடு செல்லும் ஊர்வலம். அதனுடன் பொள்ளிலூர்ப் போர். இக்கட்டுரையின் பொருள் அந்தப் போர்ச் சுவர்தான்.

எம் கல்லூரியின் இறுதி வகுப்பு மாணவர்களை ஒரு முறை அங்கு அழைத்துச் சென்றிருந்தேன். தர்மபுரியிலிருந்து ஃபஜ்ருக்கு முன்பே புறப்பட்டு, ஓசூர், பெங்களூர் வழியாகப் போய்ச் சேர்ந்தோம். வெயில் படாதிருக்க அச்சுவர்களின் முன்னே பச்சைத் திரைகள் தொங்கவிடப்பட்டிருக்கும். திரைக்குப் பின்னே நுழைந்த மாணவர்கள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு ஒருவர் கேட்டார்: "ஹஜ்ரத், சுல்தான் ஷஹீத் இதை எப்படி வரையச் சொன்னார்கள்? இது ஆகுமானதா?" வினா நியாயமானது. நான் உடனே விடை சொல்லவில்லை. முதலில் நன்றாகப் பாருங்கள், தீர்ப்பைப் பிறகு பேசலாம் என்றேன். பார்க்காமலே தீர்ப்புச் சொல்வது நம்மவரிடையே மலிந்துவிட்ட பழக்கம். அந்தப் பழக்கத்தில் எனக்கும் பங்குண்டு.

போரின் வரலாறு சுருக்கமாக இது. 1780 செப்டம்பர் 10 அன்று, காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள புள்ளலூரில் (ஆங்கிலேயர் நாவில் இது பொள்ளிலூர் ஆயிற்று) கர்னல் வில்லியம் பெய்லி தலைமையில் வந்த கும்பனிப் படையை மைசூர்ப் படை வளைத்து அழித்தது. நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவான படை அது. காஞ்சிபுரத்தில் பெரும்படையோடு இருந்த ஸர் ஹெக்டர் மன்றோ உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. போரின் நடுவே கும்பனியாரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. அத்தோடு முடிவு தீர்மானமாயிற்று. சிறைபிடிக்கப்பட்ட பெய்லி 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் ஹைதரும் காலமானார். 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கையோடு போர் ஓய்ந்தது. சுவரில் வண்ணம் ஏறியது அதன் பின்னர்தான். ஆகவே இது போர்க்களத்துச் சூட்டில் பிறந்த படமன்று. நான்கு ஆண்டு கழித்து, தந்தையை இழந்த மகன், சமாதானம் நிலவிய காலத்தில், தன் தோட்டத்துச் சுவரில் எழுதச் சொன்ன நினைவு.

ஓவியத்தின் முன் நிற்பவர் முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும்: எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஐரோப்பிய ஓவியத்தில் நிற்கும் இடம் ஒன்று நமக்கென ஒதுக்கப்பட்டிருக்கும். அங்கிருந்து தொலைவும் அண்மையும் அளந்து காட்டப்படும். இச்சுவரில் அத்தகைய இடமே கிடையாது. வீரர்கள் அணி மேல் அணியாக, பக்கவாட்டு முகங்களோடு, ஒரே அச்சில் வார்த்தவர் போல் நெருங்குகின்றனர். குதிரைகள் எல்லாம் ஒரே பாய்ச்சலில். வெட்டுண்ட தலைகளும் உடல்களும் இடைவெளிகளில் கிடக்கின்றன. மைசூர் வீரர் அனைவர்க்கும் மீசை, பலர்க்குத் தாடி; ஆங்கிலேயர் முகங்கள் மழித்த முகங்கள். நடுவே கும்பனியார் சதுர வடிவில் அணிவகுத்து நிற்க, அச்சதுரத்துக்குள் வெடிமருந்து வண்டி வெடித்துத் தீ எழுகிறது. இவ்வளவு அமளிக்கு நடுவே யானை மீதிருக்கும் திப்பு ரோஜா மலரை முகர்ந்துகொண்டிருக்கிறார்!

அந்த ரோஜாவை முகலாயச் சிற்றோவியங்களில் பலமுறை பார்த்திருக்கிறோம். அரசன் மலர் ஏந்துவது அங்கே வழக்கம். ஆனால் அது ஏட்டுக்குள், கையகல அளவில், அமைதியான பின்னணியில் வரும். இங்கே அதே மலரை யானையளவு அரசனின் கையில் கொடுத்து, குருதிக்கு நடுவே நிறுத்தியிருக்கின்றனர். நுட்பம் என்று இதைச் சொல்ல எனக்கு மனமில்லை. துணிச்சல் என்று சொல்லலாம். தெருச்சுவரில் எழுதுபவனுக்கு நுட்பத்தை விடத் துணிச்சல்தான் முதல் தேவை. போகிற போக்கில் பார்ப்பவன் கண்ணில் அது விழ வேண்டும்.

'தெருச்சுவர்' என்று நான் சொல்வது உவமை மட்டுமன்று. தலைநகரின் வீதிகளில் வீட்டுச் சுவர்களில் ஆங்கிலேயரைப் பரிகசிக்கும் ஆளுயரப் படங்களைத் திப்பு எழுதச் செய்திருந்தார் என்று அக்கால ஆங்கிலேயர் குறிப்புகளிலிருந்து அறிகிறோம். நடுங்கும் வெள்ளையனைப் பிடிக்கும் புலி ஒன்று. ஒரே வீச்சில் இரு தலைகளைக் கொய்யும் குதிரை வீரன் ஒன்று. இன்னொன்றில் ஆற்காட்டு நவாப் முஹம்மது அலீ இடுப்பில் கயிற்றோடு ஓர் ஆங்கிலேயனின் காலடியில் விழுந்து கிடக்க, நாற்காலியில் அமர்ந்த அவன் தன் பாதத்தை நவாபின் கழுத்தில் வைத்திருக்கிறான். இன்று 'கிராஃபிட்டி' என்ற சொல்லால் சுட்டும் சுவர்க் கிறுக்கலும் கேலிப்படமும் அன்று அரசாணையின் பேரிலேயே வீதிக்கு வந்திருக்கின்றன. மாளிகையின் போர்ச் சுவர் அந்த வீதிப்படங்களின் மூத்த உடன்பிறப்பு. உடை மட்டும் கொஞ்சம் விலையுயர்ந்தது.

தமிழகத்தில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தேர்தல் அறிவிப்பு வருமுன்னரே 'இச்சுவர் ஒதுக்கப்பட்டது' என்று கட்சியின் பெயரோடு ஆண்டுக்கணக்கில் முன்பதிவு செய்யும் நாடு இது. 1959ஆம் ஆண்டிலேயே பொது இடங்கள் அழகு கெடுவதைத் தடுக்கச் சட்டம் இயற்றிய மாநிலமும் இதுவே. சட்டமும் இருக்கிறது, சுவரும் இருக்கிறது!

அக்கேலியின் கூர்மையான இடம் பொள்ளிலூர்ச் சுவரில் ஹைதராபாத் நிஜாமுக்குக் கிடைத்திருக்கிறது. 1780இல் ஆங்கிலேயருக்கு எதிராக ஹைதரும் மராட்டியரும் நிஜாமும் கூடி நின்றனர். நிஜாம் இடையில் ஒதுங்கிக்கொண்டார். சுவரில் அவர் எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்கிறார். அருகே ஒரு பசுவும் ஒரு காட்டுப்பன்றியும். பசு போல் வந்தார், பன்றி போல் ஓடினார் என்று வழிகாட்டிகள் சொல்லிச் சிரிக்கின்றனர். எம் மாணவர்களும் சிரித்தனர்.

சிரிப்பு அடங்கியதும் ஸூரத்துல் ஹுஜுராத்தின் 11ஆம் வசனத்தை அவர்களுக்கு நினைவூட்டினேன். ஒரு கூட்டத்தார் பிறிதொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதையும் இழிபெயர் சூட்டுவதையும் விலக்கும் வசனம் அது. எதிரியான ஆங்கிலேயன் இச்சுவரில் தோற்கிறான், ஆயினும் இழிவுபடவில்லை. இழிவு முழுவதும் சக முஸ்லிம் மன்னர்களான நிஜாமுக்கும், வீதிப்படத்தில் ஆற்காட்டு நவாபுக்கும் என்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. சுல்தான் பக்கம் நின்று போரிடுவோரோ பிரெஞ்சுக் கிறிஸ்தவரும், மைசூர்ப் படையின் இந்துக்களும், முஸ்லிம்களும். எதிரணியில் சிவப்புச் சட்டை அணிந்து மடிபவர்களில் பெரும்பாலோர் சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள். அதாவது நம் பக்கத்து ஊர்க்காரர்கள். திப்புவை காஸியாக மட்டும் காண விரும்புவோர் இச்சுவரைக் கொண்டாடுகின்றனர். மதவெறியராக மட்டும் காண விரும்புவோர் இதையே சான்றாகச் சுட்டுகின்றனர். 2015இல் கர்நாடக அரசு அவருடைய பிறந்த நாளை அரசு விழாவாக்கியபோதும் 2019இல் அதைக் கைவிட்டபோதும் எழுந்த இரைச்சலில் இந்தச் சுவரின் படம் இரு தரப்பாரிடமும் இருந்தது. இரு தரப்பாரும் இதை நிதானமாகப் பார்த்ததாகத் தெரியவில்லை. சுவர் சொல்வது அரசியல் கணக்கு: எவன் வந்தான், எவன் வரவில்லை, எவன் வருவதாகச் சொல்லி வரவில்லை.

எனக்கு இச்சுவரின் சிறந்த பகுதி பெய்லியின் பல்லக்கு. சதுரத்தின் நடுவே, காயமுற்ற அந்தக் கர்னல் பல்லக்கில் அமர்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறார். அச்சத்தில் நகம் கடிக்கிறார் என்பது வழிகாட்டிகள் தரும் விளக்கம். ஆங்கிலத்தில் எழுதுவோரும் அவ்வாறே எழுதுகின்றனர். பாரசீகம் அறிந்தவர் அப்படிச் சொல்லத் தயங்குவர். 'அங்குஷ்த் பதந்தான்', பல்லிடை விரல், என்பது பாரசீக இலக்கியத்திலும் சிற்றோவியத்திலும் வியப்பின் குறி. அற்புதம் ஒன்றைக் கண்டவன் வாயில் விரல் வைப்பான். ஷீரீன் நீராடுவதைக் காணும் குஸ்ரூவை ஓவியர் அவ்வாறுதான் தீட்டினர். அரபு மரபிலோ பொருள் வேறு. ஸூரத்துல் ஃபுர்கானின் 27ஆம் வசனத்தில் அநியாயக்காரன் மறுமையில் தன் கைகளைக் கடிப்பது கைசேதத்தால். ஆலு இம்ரானின் 119ஆம் வசனத்தில் விரல் நுனியைக் கடிப்பது ஆத்திரத்தால். வியப்பு, கைசேதம், ஆத்திரம்: இம்மூன்றில் எதை ஓவியன் எண்ணினான்? பாரசீக மொழி ஆட்சிமொழியாக இருந்த அவையில், பாரசீகச் சைகைகளை அறிந்த ஒரு கை வரைந்தது ஆதலால், முதற்பொருளையே நான் முதன்மையாகக் கொள்வேன். பெய்லி வியக்கிறார். தனக்கு இப்படி நடக்குமென்று நம்பாத மனிதரின் முகம் அது. அவரை அழித்த சுவரிலேயே அவருக்குக் கிடைத்த மரியாதை இந்த வியப்பு. நிஜாமுக்கு அது கிடைக்கவில்லை.

ஈண்டு எம் மாவட்டத்து நடுகற்களை நினைக்காமலிருக்க முடியவில்லை. தர்மபுரி அருங்காட்சியகத்துக்குச் சென்றோர் அவற்றைப் பார்த்திருப்பர். பல்லவர் காலத்திலும் பின்னரும், ஆநிரை மீட்கும் பூசலில் இறந்த வீரனுக்கு ஊரார் நட்ட கற்கள். கையில் வில்லும் வாளும் ஏந்திய உருவம்; சில கற்களில் உடலில் தைத்த அம்பு; மேலே வட்டெழுத்தில் எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர்ப் பூசல், இறந்தவன் பெயர் என்ன என்ற விவரம். நடுகல்லின் நாயகன் இறந்தவன். அவன் பெயர் ஆயிரத்து முந்நூறு ஆண்டு கழித்தும் படிக்கக் கிடைக்கிறது. பொள்ளிலூர்ச் சுவரில் இறந்து கிடப்போர் எவருக்கும் பெயரில்லை, வரைந்தவனும் கையொப்பமிடவில்லை. வென்றவன் எழுதும் சுவருக்கும் இழந்தவர் நடும் கல்லுக்கும் இடையே உள்ள இந்த வேறுபாட்டை எம் மாணவர்களுக்குச் சொன்னபோது, பெய்லிக்கு நடுகல் உண்டா என்று ஒருவர் கேட்டார். உண்டு. ஹைதரும் திப்புவும் அடங்கியிருக்கும் கும்பஸின் அருகிலேயே, பெய்லியின் உடன்பிறந்தார் மகன் 1816இல் கட்டிய நினைவு மண்டபம் நிற்கிறது. கும்பஸுக்கு ஸியாரத் செய்ய வருவோரில் பலர் அதனருகே நடந்தும் கவனிப்பதில்லை.

இனி, நாம் பார்ப்பது எதை என்ற கேள்விக்கு வருவோம். 1784இல் எழுதிய சுவரையா? இல்லை. மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயர் படை நெருங்கிய காலத்தில் வீதிச் சுவர்களின் கேலிப்படங்களும் இப்போர்ச் சுவரும் திப்புவாலேயே வெள்ளையடித்து மறைக்கப்பட்டன. சமாதானம் பேச வருகிறவன் கண்ணில் அவன் அவமானம் படக்கூடாது என்ற ராஜதந்திரம். 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன்படி கும்பனிக்குப் போன பகுதிகளுள் பாராமஹாலும் ஒன்று. அதாவது எம் தர்மபுரி, கிருஷ்ணகிரிச் சீமை. அலெக்சாண்டர் ரீட் அதற்குத் தலைவராக வந்தார். அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோ தர்மபுரியில் தோட்டத்தோடு வீடமைத்து 1799 வரை இப்பகுதியில் பணியாற்றினார். தம் கடிதங்களில் அத்தோட்டத்தைப் பிரியமுடன் குறிப்பிடுகிறார். (காஞ்சிபுரத்தில் தாமதித்த ஹெக்டர் மன்றோ வேறு, எனினும் அந்தப் போரில் அந்த மன்றோவின் கீழ் இந்த மன்றோ இளம் படைப்பயிற்சியாளராக இருந்தார்.) தோட்ட மாளிகைச் சுவர் ஒன்றில் சுண்ணாம்பு பூசிய அதே அரசியல்தான் எம் ஊரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றியது.

1799 மே 4 அன்று சுல்தான் ஷஹீதானார். வென்ற ஆர்தர் வெல்லெஸ்லி, பிற்காலத்தில் வெல்லிங்டன் பிரபு, இதே தரியா தௌலத்தில் குடியேறினார். மறைந்த ஓவியத்தை மீண்டும் எழுதச் செய்தவர் அவர். பின்னர் மறுபடியும் அது அழிந்து மங்கியது. 1855இல் மைசூருக்கு வந்த டல்ஹவுசி பிரபு பழைய ஓவியத்தை நினைவில் வைத்திருந்த ஓர் உள்ளூர் ஓவியரைக் கொண்டு திரும்ப எழுதச் செய்தார். ஆக, நம் முன்னே இருப்பது நினைவிலிருந்து மீட்ட நினைவு. தோற்றவர்கள் தம் தோல்வியை இரண்டு முறை எழுதி வைத்திருக்கின்றனர்!

இதில் பெருந்தன்மை எவ்வளவு, இறுமாப்பு எவ்வளவு? இறுதியாக வென்றவனுக்கு இடையில் தோற்றது அவமானமன்று. தன் வெற்றியை உயர்த்திக் காட்டும் பின்னணி. வீழ்ந்த எதிரி வலியவனாயிருந்தால்தான் வீழ்த்தியவன் பெயர் நிற்கும். 1800இலேயே லண்டன் லைசியத்தில் ராபர்ட் கெர் போர்ட்டர் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததை 120 அடி நீளத் திரையில் வரைந்து, கட்டணம் வாங்கிக் காட்டினார். அந்தத் திரை இன்று இல்லை. அவர்கள் காப்பாற்றிய பொள்ளிலூர் நிற்கிறது. பொள்ளிலூர்க் காட்சியின் பழைய தாள் வடிவம் ஒன்று, பத்துத் தாள்களில் ஏறத்தாழ 32 அடி நீளத்தில், 2022 மார்ச்சில் லண்டன் ஸோத்பிஸ் ஏலத்தில் 6,30,000 பவுனுக்கு விலை போயிற்று. சுவரில் இரு முறை திருத்தி எழுதப்பட்டவற்றை அத்தாளோடு ஒப்பிட்டு ஆராய வேண்டிய பணி அறிஞர்களுக்கு இருக்கிறது. ரோஜாவும் விரலும் முதலில் எப்படி இருந்தன என்பது எனக்குக் கல்வி ஆர்வத்துக்குரிய கேள்வி மட்டுமன்று. மேலே நான் சொன்ன விளக்கமே அதைப் பொறுத்தது.

மாணவரின் வினாவுக்கு வருகிறேன். உருவச் சித்திரம் பற்றிய நபிமொழிகள் நம் வாசகர்கள் அறிந்தவையே. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தொங்கவிட்ட உருவத்திரையை நபி (ஸல்) அவர்கள் வெறுத்ததும், அது கிழிக்கப்பட்டுத் தலையணையானதும் ஸஹீஹான அறிவிப்புகள். சித்திரம் எழுதிப் பிழைத்த ஒருவருக்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் மரங்களையும் உயிரற்றவற்றையும் எழுதிக்கொள்ளுமாறு வழிகாட்டியதும் புகாரியில் உண்டு. இமாம் நவவீ (ரஹ்) கடுமையாகத் தடுக்கிறார்கள். நிழல் விழாத, தட்டையான சித்திரத்தில் தளர்வு கண்டோரும் முன்னோரில் உண்டு. மதீனாவின் காஸிம் பின் முஹம்மது (ரஹ்) அவர்களின் கருத்தாக அது அறிவிக்கப்படுகிறது. நான் ஹனஃபி மத்ஹபில் கற்றவன். பெரும்பாலோரின் கருத்தே எனக்கும். அச்சுவரை நான் ஆகுமானதென்று சொல்லவில்லை.

ஆனால் திப்புவும் இந்த எல்லையை அறியாதவரல்லர் என்பதற்கு அவருடைய கட்டடங்களே சான்று. 1787இல் முடிந்த மஸ்ஜிதே அஃலாவில் எழுத்தும் கொடியும் அன்றி உருவம் கிடையாது. மாளிகையின் உள்ளறைகளிலும் இப்னு அப்பாஸ் (ரலி) அனுமதித்த மரஞ்செடிகொடிகளே. கொடிகளிலும் துப்பாக்கிகளிலும் வரும் அவருடைய புலிமுகத்தைக் கூர்ந்து பார்த்தால் அது எழுத்து: 'அஸதுல்லாஹில் ஃகாலிப்' என்ற சொற்களைக் கண்ணாடியில் தெரிவது போல் இருபுறமும் திருப்பி முகமாக்கியிருக்கின்றனர். எழுத்து எழுத்தாக இருந்துகொண்டே உருவமாகவும் தெரியும் அந்த வேலைப்பாட்டின் முன் பொள்ளிலூர்ச் சுவர் கலைத்தரத்தில் ஒரு படி கீழே என்பதே என் மதிப்பீடு. இன்று 'காலிகிராஃபிட்டி' என்ற பெயரில் அரபு எழுத்தைச் சுவரளவு பெருக்கி எழுதுவோர் உலகெங்கும் புகழ் பெறுகின்றனர். துனீசியாவின் காபிஸ் நகரில் ஜாரா பள்ளிவாசல் மனாராவில் எல் ஸீத் என்னும் ஓவியர் 2012இல் எழுதியது மேற்சொன்ன ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனத்தை. ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே இனங்களாகவும் குலங்களாகவும் ஆக்கப்பட்டோம் என்ற கருத்துடைய வசனம். பரிகாசத்தைத் தடுக்கும் வசனத்துக்கு இரண்டு வசனம் தள்ளி!

அரசர்கள் தம் ஓய்வு மாளிகைகளில் இந்த எல்லையைத் தாண்டியது திப்புவோடு தொடங்கியதன்று. ஜோர்தான் பாலையில் குஸைர் அம்ரா நிற்கிறது. உமையா இளவரசர் வலீத் பின் யஸீத், கி.பி. 743இல் கலீஃபா ஆகுமுன், அமைத்த குளியல் மாளிகை. 1898இல் அலாய்ஸ் மூசில் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார். அதன் சுவரில் ஆறு அரசர்கள்: கைஸர், கிஸ்ரா, நஜாஷி, ஸ்பெயினின் ருத்ரீக் ஆகியோரின் பெயர்கள் அரபியிலும் கிரேக்கத்திலும் படிக்கக் கிடைக்கின்றன. பிற அரசர்களைத் தன் சுவரில் நிறுத்திவைக்கும் ஆசை ஜோர்தானிலும் காவிரிக்கரையிலும் ஒன்றே. அங்கும் கதை இதேதான்: பெயர்த்தெடுக்க முயன்றதில் சிதைவு, வழிப்போக்கர் கீறல், 1970களில் மேற்கொண்ட செப்பனிடலில் பழையதன் மேலேயே புதிய வண்ணம், அண்மைக் காலத்தில் அதை நீக்கி அடியிலுள்ளதை மீட்கும் முயற்சி. வலீதை ஆலிம்கள் புகழவில்லை. அவருடைய சுவரை ஆராயவும் மறுக்கவில்லை.

வழிப்போக்கர் கீறல் என்றதும் அன்று நடந்த மற்றொன்றையும் சொல்ல வேண்டும். திரும்பும் நேரத்தில் எம் மாணவர் ஒருவர் தூண் மறைவில், சாவி முனையால், தம் பெயரின் முதலெழுத்தைக் கீறத் தொடங்கியிருந்தார். 'அலிஃப்' முடிந்து 'ஹா' பாதி. கையைப் பிடித்து நிறுத்தினேன். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சிதைத்தால் இரண்டாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் சட்டத்தில் உண்டு என்றேன். அவர் வெட்கப்பட்டார், ஆயினும் வழியில் வாதம் செய்தார். 'ஹஜ்ரத், நீங்கள்தானே வகுப்பில் ஸுஹைர் கல்வெட்டைச் சொன்னீர்கள்?'

சொன்னது நான்தான். அல்உலாவுக்கு அருகில் ஒரு பாறையில் ஹிஜ்ரி 24இல் ஸுஹைர் என்பவர் தம் பெயரையும், உமர் (ரலி) அவர்கள் மரணமடைந்த காலத்தில் எழுதியதாக ஒரு குறிப்பையும் கீறிச் சென்றார். 1999இல் கண்டறியப்பட்டது, 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தது. அரபு எழுத்துகளுக்குப் புள்ளியிடும் வழக்கம் அவ்வளவு முற்காலத்திலேயே இருந்தது என்பதற்கு அதிலுள்ள புள்ளிகள் சான்று. வழிப்போக்கர்கள் சுவரில் எழுதிச் சென்ற வரிகளைத் திரட்டிய 'அதபுல் குரபா' என்ற நூலும் நம் இலக்கியத்தில் உண்டு. கிதாபுல் அஃகானியின் ஆசிரியர் அபுல் ஃபரஜ் அல்இஸ்ஃபஹானியின் பெயரில் வழங்குவது, அவருடையதுதானா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அந்நியனாக ஓர் ஊருக்கு வந்தவன், இடிந்த மாளிகையிலோ பள்ளிவாசலிலோ சத்திரத்திலோ தன் ஏக்கத்தை எழுதிவிட்டுப் போகிறான்; பின்னர் வந்தவன் அதற்கு மறுமொழி எழுதுகிறான். கிறுக்கலை இலக்கியமாக மதித்த சமூகம் நாம். பின் அந்த மாணவர் செய்ததில் என்ன குற்றம்?

ஸுஹைர் எழுதியது வெறும் பாறையில். எவருடைய உழைப்பின் மீதும் அவர் எழுதவில்லை. தம் பெயரோடு நிறுத்தாமல் காலத்தையும் ஒரு நிகழ்வையும் சேர்த்தார். ஆகவே அது பிறர்க்கும் பயன்பட்டது. தேக்குத் தூணின் வண்ணத்தின் மேல் கீறும் சாவி முனை ஒரு கைவினைஞனின் வேலையைத் தின்கிறது. அது ஹக்குல் இபாத், அடியாரின் உரிமை. அவன் இறந்துவிட்டதால் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை. மாணவர் இதை ஏற்றார் என்றே நினைக்கிறேன். பிறகு ஓசூர் வரை தூங்கிவிட்டார்.

அந்த விடையைச் சொல்லும்போதே எனக்கு உறுத்திய ஒன்று உண்டு. எங்கள் பகுதியில் பழைய பள்ளிவாசல் ஒன்றில், நான் ஓதிய பருவத்தில், மிஹ்ராபைச் சுற்றிச் சுண்ணக் காரையில் கொடி வேலைப்பாடு இருந்தது. பச்சையும் காவியும் கலந்த மங்கிய வண்ணம்; இடையிடையே மாதுளம் பூ. உயிருள்ளது எதுவும் அதில் இல்லை. எந்த மத்ஹபிலும் அதற்குத் தடையில்லை. புதுப்பிப்பு என்ற பெயரில் எல்லாவற்றின் மேலும் எனாமல் பூசினர். மறுத்துப் பேச வேண்டிய வயதும் கல்வியும் அப்போது எனக்கு இருந்தன, பேசவில்லை. திப்பு தம் சுவரில் வெள்ளையடித்தது பகை வாசலில் நின்றதால். எங்களுக்கு அந்த நெருக்கடியும் இருக்கவில்லை. எவரோ வண்ணப்பூச்சு நன்கொடையாகத் தந்தார், அவ்வளவுதான். எங்களுக்கு வெல்லெஸ்லியும் இல்லை, நினைவிலிருந்து திரும்ப எழுதத்தக்க ஓவியரும் இல்லை.

பயணம் முடிந்து சில வாரங்களில், சாவியால் கீறிய அதே மாணவரை அப்பள்ளிவாசலுக்கு அனுப்பினேன். மிஹ்ராபின் இடப்பக்கம், அலமாரிக்குப் பின்னால் ஒரு முழ அளவுக்கு எனாமல் படாத பகுதி எஞ்சியிருக்கிறது. அதை வெண்தாளில் படியெடுத்து வரச் சொன்னேன். இரண்டு நாள் அமர்ந்து படியெடுத்து வந்தார். அடியில் தம் பெயரையும் ஹிஜ்ரி ஆண்டையும் நஸ்க் எழுத்தில் எழுதியிருந்தார். அத்தாள் எம் கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. கொடியில் இரண்டு கிளைகளும் ஒரு மாதுளம் பூவும் முழுமையாக உள்ளன. மூன்றாவது கிளை பாதியில் நிற்கிறது. அதற்கப்பால் எப்படி வளைந்தது என்று என்னைக் கேட்டார். எனக்கு நினைவில்லை.